பதினெட்டை மூன்று என்றவன்

பகடையில் விழுந்தது பதினெட்டு. நான் மூன்று என்று சொன்னேன்.

இதுதான் என் குற்றம். நான்கு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள்! ஒரு விளையாட்டில் எண்ணை மாற்றிச் சொன்னதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறீர்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டுத் தேற்றிக்கொண்டு வந்தேன். தேறவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

என் பெயர் ரகு. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. டாலிகஞ்சில் ஒரு ஹவுசிங் காலனியின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்காருவோம். மூன்று ஆண்டுகள் அப்படி உட்கார்ந்தோம்.

என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட பலகை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருத்தி போர்வீரன், ஒருவன் திருடன், ஒருத்தி பூசாரிணி. யார் என்ன செய்ய நினைத்தாலும் அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்பவனுக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். அவனுக்கு முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கும். அதற்குப் பின்னால் அவன் உருட்டும் பகடையை அவனைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது.

அந்தக் கதை உலகத்தில் கடவுள்களும் உண்டு. பூசாரிணியின் சக்தியெல்லாம் அவள் கும்பிடும் கடவுள் கொடுப்பது. அந்தக் கடவுள்களுக்குக் குரல் கொடுப்பவனும் கேம் மாஸ்டர்தான்.

அதாவது, நான்.

என் யோக்கியதை என்னவென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சாமி இல்லை என்பவன். பத்தொன்பது வயதில் பூணூலைக் கழற்றி அப்பாவின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனவன். காளிகாட் சந்தில் என் கையைப் பிடித்து இழுத்த பண்டாவிடம், அதாவது கோயில் பூசாரியிடம், உன் கடவுளும் வேண்டாம் உன் பூவும் வேண்டாம் என்று நடுத்தெருவில் வங்காளத்தில் சண்டை போட்டவன். சாமி பெயரைச் சொல்லி மனிதர்கள் மனிதர்களை என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று யார் கிடைத்தாலும் மணிக்கணக்கில் பேசுவேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்ட நான் ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் கடவுளாக இருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது! ஏன் மறைக்க வேண்டும்? மிகவும் பிடித்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கப் பன்னிரண்டு கடவுள்களை எழுதி வைத்திருந்தேன். யாருக்கு என்ன படையல், எந்தக் கிழமை ஆகாது, யாருக்கு முன்னால் செருப்புப் போடலாம், யாருக்கு முன்னால் கூடாது... எல்லாம் நானே வகுத்தது. உப்பின் கடவுளுக்கு எதிரில் பொய் சொன்னால் நாக்கு மரத்துப்போகும் என்றுகூட ஒரு விதி எழுதியிருந்தேன்.

என் நாக்கு மரக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

மேசையில் இருந்தவர்களில் திதியும் சுபோவும் வங்காளிகள். திதி ஸ்டூடியோவில் படத்தொகுப்பு செய்பவள், சுபோ கல்லூரி ஆசிரியன். நான்காவது ஆள் மாலதி. அவள்தான் பூசாரிணி. அவளிடம்தான் நான் பொய் சொன்னேன்.

மாலதி ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். மூன்று தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். காளிகாட் மெட்ரோவுக்கு அருகில் ஒரு பழைய கட்டடத்தில் அவள் அப்பா இருந்தார். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், விடியற்காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் பூஜை செய்பவர். மாலதி அனிர்பன் என்ற வங்காளியைத் திருமணம் செய்துகொண்டபோது, மீன் வாசனையோடு என் பூஜை அறை வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூஜை அறை வாசல் என்று அவர் சொன்னது வீட்டு வாசலைத்தான். மாலதியின் அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். எனவே தடுத்துப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை.

டாலிகஞ்சிலிருந்து காளிகாட் இரண்டே ஸ்டேஷன். அந்த இரண்டு ஸ்டேஷனை மாலதி ஒன்பது ஆண்டுகள் கடக்கவில்லை. ரயில் காளிகாட்டில் நிற்கும்போது போனைப் பார்த்துக் குனிந்துகொள்வாள் என்று அனிர்பன் என்னிடம் ஒருமுறை சொன்னான். மேசையில் அப்பாவைப் பற்றிப் பேச நேர்ந்தால், மற்றவர்களைப்போல வங்காளத்தில் பாபா என்பாள். அதுவும், இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசும் தோரணையில்.

முதல் நாள் அவள் என்னைக் கேட்டது நினைவிருக்கிறது. உங்கள் பன்னிரண்டு கடவுள்களில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை. அந்த நிமிடமே பதிமூன்றாவதாக ஒருத்தியை உண்டாக்கினேன். நிலையம்மை என்று பெயர் வைத்தேன். வாசல் நிலைகளில் குடியிருப்பவள், துரத்தப்பட்டவர்களுக்குக் காவல். அவளைக் கும்பிடுகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு சிறு நெருப்பு எரியும். அது காயங்களை ஆற்றும். அவள் சொன்ன சொல்லை மீறினால் நெருப்பு அணைந்துவிடும். இவ்வளவுதான் நான் எழுதியது.

மீதியை மாலதி எழுதினாள். நிலையம்மைக்கு என்ன கோலம், எந்தப் பக்கம் விளக்கு, யார் வீட்டுக்குப் போனாலும் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும்... கரியாஹாட் நடைபாதைக் கடையில் விரல் உயரப் பித்தளை விளக்கு ஒன்று வாங்கிவந்து, ஆட்டம் தொடங்குமுன் மேசையில் ஏற்றி வைப்பாள். போகப் போக, என் வீட்டு நிலைவாசலில் ஒரு சிட்டிகை மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். என் வீட்டில்! முதல் இரண்டு வாரம் துடைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். என் கடவுளுக்குத்தானே வைக்கிறாள் என்று உள்ளுக்குள் ஓர் இளிப்பு.

எங்கள் மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சந்தேஷ் இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது பூசாரிணி தன் தெய்வத்திடம் கேட்க விரும்புவதை ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவாள். வாரத்தில் ஏதோ ஒரு நாள் நான் அதைப் படிப்பேன். அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன் அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டுவேன். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் தெய்வம் ஆம் என்கிறது, கீழே என்றால் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, தெய்வத்தின் குரலில் ஒரு வாக்கியம் சொல்வேன். சீட்டைப் பற்றி மேசைக்கு வெளியே யாரும் பேசக் கூடாது.

சீட்டுகள் எப்போதும் ஆங்கிலத்தில் இருக்கும். வடக்குக் கணவாயில் போகலாமா, சிறைப்பட்டவனை நம்பலாமா என்பதுபோலக் கேள்விகள்.

அந்தச் சீட்டு தமிழில் இருந்தது.

திங்கட்கிழமை அலுவலக கேன்டீனில் உட்கார்ந்து பிரித்தேன். மாலதி தமிழ் எழுதி நான் பார்த்ததே இல்லை. பள்ளியில் படிக்காதவள், அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்த எழுத்து. கோணலும் மாணலுமாக, பாதி இடத்தில் புள்ளி இல்லாமல் இப்படி எழுதியிருந்தாள்.

“அம்மா, அப்பா வீட்டை வித்துட்டு அண்ணாவோட மெட்ராஸ் போறார். வர ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பறா. போற அன்னிக்கு வேணும்னா வந்து பாத்துட்டுப் போகட்டும்னு சொன்னாராம். நான் போகட்டுமா? நீ சொல்றபடி செய்யறேன்.”

எங்கள் கதை உலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மெட்ராஸ் கிடையாது. அந்த மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே, அது பாத்திரம் கேட்ட கேள்வி என்று நினைத்துவிட்டேன் என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. சொல்லத்தான் ஆசை. எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன்!

படித்த பெண், வேதியியல் ஆசிரியை, போயும் போயும் விளையாட்டுச் சாமியிடமா இதைக் கேட்பாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அன்று ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அவள் அம்மா எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பவர். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்து முடிவு செய்வார். மாலதி எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதுகூட அப்படித்தான் முடிவானதாம். அம்மா போய்விட்டார். அந்தச் சாமிகள் இருக்கும் அறைக்குள் இவள் நுழையக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எந்தச் சாமியின் பெயரால் துரத்தினார்களோ அந்தச் சாமியிடமே போய், திரும்பிப் போகட்டுமா என்று எந்த முகத்தோடு கேட்பாள்? அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே தெய்வம் நான் எழுதியது.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. போனை எடுத்து, மாலதி, இதற்கெல்லாம் பகடை எதற்கு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்வது. ஆறு நாட்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமை போனைக் கையில் எடுத்தேன். சீட்டைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. என்ன விதி அது? நான் போட்ட விதி! நான் போட்ட விதிக்கு நானே பயந்ததாக நடித்துப் போனைக் கீழே வைத்தேன்.

உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். அந்த ஞாயிறு எங்கள் கதையின் கடைசி நாள். மூன்று ஆண்டுக் கதை. திதிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள், தள்ளிப்போட வழியில்லை. கடைசிப் போருக்காக நான் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைபடம் வரைந்திருந்தேன். அதில் காயம் ஆற்ற பூசாரிணி இல்லாவிட்டால் மற்ற இருவரும் முதல் அரைமணியிலேயே செத்துப்போவார்கள். மாலதி எழுந்து போனால் என் கதை நாசம்.

இவ்வளவுதான் காரணம். என் கதை! ஒரு பெண்ணின் ஒன்பது ஆண்டுகளை அதற்கு ஈடாக வைத்தேன்.

ஞாயிறு வந்தது. எப்போதும் ஜீன்ஸில் வருபவள் அன்று புடவையில் வந்தாள். நிலைவாசலில் மஞ்சள் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். என்ன அது என்று திதி கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்றாள். போன்களையெல்லாம் ஒரு மூங்கில் கூடையில் போட்டுவிட்டு உட்காருவதும் எங்கள் வழக்கம். அன்று மாலதி மட்டும் போனைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

தெய்வம் ஆம் என்றால் எழுந்து போவதற்கு அவள் தயாராக இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் பகடையை எடுத்தேன்.

பகடையை ஏன் உருட்டினேன், பொய் சொல்வதென்று முடிவு செய்தவன்? இதை எத்தனையோ முறை என்னைக் கேட்டிருக்கிறேன். சின்ன எண்ணாக விழுந்து, பகடையே போகாதே என்று சொல்லிவிட்டால் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை என்ற நப்பாசை... அவ்வளவுதான். கோழைகள் அப்படித்தான் செய்வார்கள்.

பதினெட்டு.

மணி இரண்டே கால். மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் அப்பா வீட்டுப் படியில் நிற்கலாம்.

“மூன்று” என்றேன்.

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை! தெய்வத்தின் குரலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமே. அதைத் தமிழில் சொன்னேன். “அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. போகாதே.”

திதியும் சுபோவும் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து ரசித்தார்கள். சுபோ மேசையைத் தட்டினான். மாலதி என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தாள்.

“சரிம்மா” என்றாள்.

எழுந்து போய்ப் போனைக் கூடையில் போட்டுவிட்டு வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றரை மணிக்கு டீ போட எழுந்தேன். கூடை சமையல்மேடை ஓரத்தில் இருந்தது. அதற்குள் ஒரு போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கண்ணன் அண்ணா என்று பெயர் தெரிந்தது. அவள் அண்ணன். நின்றது. மறுபடி ஒளிர்ந்தது.

இன்னும் நேரம் இருந்தது! அப்போதுகூட, மாலதி, உனக்குப் போன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அந்தப் போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். டீயில் இஞ்சி தட்டிப் போட்டேன்.

நான்கு மணிக்கு எங்கள் போர் உச்சத்தில் இருந்தது. மாலதி அன்று ஆடியதுபோல என்றைக்கும் ஆடியதில்லை. தன் உயிரைக் கொடுத்து மற்ற இருவரையும் காப்பாற்றினாள். கதையில் அவள் பூசாரிணி கோட்டை வாசலில் நின்று கதவை மூடவிடாமல் தோளால் தாங்கியபடியே செத்துப்போனாள். திதி அழுதேவிட்டாள். அப்படி ஒரு முடிவை நான் எழுதியிருக்க முடியாது. என் கண்ணும் கலங்கியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு மாலதி ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தாள். தேங்காய் பர்பி. யாருக்காகச் செய்தது என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். எல்லோருக்கும் கொடுத்தாள்.

நான் இரண்டு துண்டு தின்றேன்.

கிளம்பும்போது, மூன்று ஆண்டு நினைவாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். அந்தப் பகடையையே கொடுத்தேன். அதை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அவள் அதைப் பெரிய பரிசாக நினைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று காளிகாட்டில் என்ன நடந்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கரியாஹாட்டில் துர்கா பூஜைக்குத் துணி வாங்கும் கூட்டத்தில் மாலதியைப் பார்த்தேன். ஒரு வளையல் கடை ஓரமாக ஒதுங்கி நின்று, அண்ணன் போனில் சொன்னதை என்னிடம் சொன்னாள்.

சாமான்களெல்லாம் முதல் நாளே லாரியில் போய்விட்டன. காலி வீட்டில் அவள் அப்பா ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். வாசல் கதவைச் சாத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் எட்டிப் பார்த்திருக்கிறார். டாக்சிக்காரனை அரைமணி நேரம் காக்க வைத்திருக்கிறார். அதற்குமேல் நின்றால் ஹவுராவில் ரயில் போய்விடும் என்று கண்ணன் சொன்னதும் எழுந்து, தானே கதவைப் பூட்டியிருக்கிறார். அவ வரலை, சரி, இனிமே யாரும் அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு மாலதி இரண்டு முறை போன் செய்தும் வாங்கிப் பேசவில்லை.

ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கிழவர் ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து வைத்தார். திறந்தே இருந்தது! நான் இரண்டு ஸ்டேஷன் தள்ளி உட்கார்ந்துகொண்டு அது திறக்கவில்லை என்று சொன்னேன்.

அந்த வளையல் கடை ஓரத்தில் அப்போதே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் மாலதி சொன்னாள்.

“நல்லவேளை நான் போகலை ரகுண்ணா. ஒரு தடவை வரலைன்னதும் இப்படி மூடிண்டுட்டார் பாருங்கோ. போயிருந்தா அவர் வாயால என்ன கேட்டிருப்பேனோ. நிலையம்மை சொன்னது சரிதான். அந்தக் கதவு திறக்கவே இல்லை.”

புரிகிறதா உங்களுக்கு? என் பொய்யை அவள் உண்மையாக்கிவிட்டாள்! அவர் மனம் நொந்து கதவைப் பூட்டியதையே, கதவு திறந்திருக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளை ஓர் அறை அறையலாம்போல இருந்தது. நம்பிக்கை என்று நீங்களெல்லாம் சொல்கிறீர்களே, அதை நான் வெறுப்பது இதற்காகத்தான் என்று கத்தலாம்போல இருந்தது. எது நடந்தாலும் சாமி சொன்னது சரி. எவன் அடித்தாலும் சாமி காப்பாற்றியது...

கத்தவில்லை. ஏனென்றால் அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. நல்லதாப் போச்சு மாலதி என்றேன். அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

அவள் அப்பாவின்மேல் எனக்குக் கோபம். பெற்ற மகளைப் பார்க்கப் போனை எடுக்கத் தெரியாதா அந்த மனிதருக்கு? வேணும்னா வரட்டும் என்றால் என்ன பேச்சு அது? மாலதியின்மேல் கோபம். அப்பாவைப் பார்க்கப் போவதற்கு அனுமதி கேட்பாளா ஒருத்தி? ஆனால் இந்தக் கோபமெல்லாம் சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா!

இத்தனை நாள் நான் ஏசியது அவரைப் போன்றவர்களைத்தான். சாமி பெயரைச் சொல்லி வாசலை மறிப்பவர்கள் என்று. அவராவது தான் நம்பிய சாமியின் பெயரால் மகளை மறித்தார். நான், நம்பாத சாமியின் பெயரால் மறித்தேன். அதுவும் நானே உண்டாக்கி, நானே குரல் கொடுத்த சாமி. எங்கள் இருவரில் யார் கேடுகெட்டவன்? யோசிக்கவே வேண்டாம்.

அவர் இறந்துவிட்டார் என்று சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறீர்கள். இல்லை. சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார், எண்பத்தோரு வயது. கண் சரியாகத் தெரியவில்லையாம், மற்றபடி சுகம். செத்திருந்தால் நடந்தது நடந்துவிட்டது என்று மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் உயிரோடு இருக்கிறார். இன்று மாலை நான் மாலதியிடம் உண்மையைச் சொன்னால், அவள் நாளைக்கே போய் நிற்பாள். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவரிடம் சொல்லவும் ஒரு காரணம் கிடைக்கும். நான் சொல்லாத ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு முறை மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே சாமியும் செத்துப்போகும். இதில் எதற்காக நான் பயப்படுகிறேன்? அவளுக்காக என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த ஆண்டு பிஜோயாவுக்கு, துர்கா பூஜை முடிந்து எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்வரும் அந்த நாட்களில், மாலதி வீட்டுக்குப் போயிருந்தேன். அனிர்பன் இனிப்பு வாங்க வெளியே போயிருந்தான். மாலதி விளக்கேற்ற வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டாள். சுவரில் ஒரு சின்ன மர அலமாரி. அனிர்பனின் அம்மா கொடுத்த காளி, ஒரு முருகன் படம். அவற்றுக்கு நடுவில் ஒரு வெற்றிலையின் மேல் என் பகடை.

பகடைக்குக் குங்குமம் வைத்திருந்தாள். நான்கு ஆண்டுக் குங்குமம் எண்களின் பள்ளங்களில் இறங்கி உறைந்திருந்தது. மூன்று என்ற எண் மேலே இருந்தது.

அந்தப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் இருபத்தொன்று வரும். மூன்றுக்கு நேர் கீழே இருப்பது பதினெட்டு. நான்கு ஆண்டுகளாக அது வெற்றிலையில் அழுந்திக் கிடக்கிறது, யாரும் பார்க்காமல்.

எண்ணெய் விடும்போது மாலதியின் வளையல் பட்டுப் பகடை உருண்டு தரையில் விழுந்தது. அவள் இரண்டு கையிலும் எண்ணெய். எடுத்துத் தரச் சொன்னாள். குனிந்து எடுத்தேன். என் உள்ளங்கையில் பதினெட்டு என்னைப் பார்த்தது.

“மூணு மேல வரணும் ரகுண்ணா” என்றாள். திரியை இழுத்துவிட்டபடியே கேட்டாள். “அன்னிக்கு விழுந்தது மூணுதானே?”

இதற்குமேல் எந்தத் தெய்வம் எனக்கு வழிவிட்டுக் கேட்கும்? வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கேட்டாள், நேராக, தமிழில். பதினெட்டு என் கையிலேயே இருந்தது.

பகடையைத் திருப்பினேன். மூன்றைத் தேடி எடுத்தேன். வெற்றிலையின் நடுவில், ஆடாமல் அசையாமல், என் கையால் வைத்தேன்.

“ஆமாம்” என்றேன்.